சப்வெர்ஷனை அப்பாச்சியில் ஏற்றும்போது: வாசகர் கேள்விகள்

உபுண்டு சர்வர். கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் சப்வெர்ஷனை, அப்பாச்சி வெப் சர்வர் வழியாக ஓட்டுகிறேன். செக்அவுட் (நகல் எடுப்பது) ஆகிறது, கமிட் (மாற்றத்தைப் பதிவது) செய்தால் மட்டும் ‘பெர்மிஷன் டினைடு’. 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போட்டால் சரியாகும் என்கிறார் உடன் வேலை செய்பவர்.

777 வேண்டவே வேண்டாம். பிழைச் செய்தியைக் கடைசி வரை படியுங்கள். ‘டிபி’ அடைவுக்குள் ‘டிஎக்ஸ்என்-கரண்ட்-லாக்’ என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை என்று இருக்கும். ரெப்போவை (கோப்புகளும் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகியாக, உருவாக்கியிருப்பீர்கள். அதனால் அது ரூட்டின் சொத்து. அப்பாச்சியோ ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற பயனராக ஓடுகிறது. படிக்க எல்லோருக்கும் அனுமதி உண்டு, எழுத ரூட்டுக்கு மட்டும். அந்தப் பூட்டுக் கோப்பைத் தொட முடியாமல் கமிட் அங்கேயே நின்றுவிடுகிறது.

பட்டா மாற்றுகிற மாதிரி, உரிமையாளரை மாற்றும் சௌன் (chown) கட்டளையால் ரெப்போவை உள்ளடைவுகளோடு சேர்த்து அந்தப் பயனர் பெயருக்கு மாற்றுங்கள். 777 போட்டாலும் கமிட் ஆகும்தான். ஆனால் அந்த மெஷினில் கணக்கு வைத்திருக்கும் யாரும் பழைய ரிவிஷன் (ஒவ்வொரு கமிட்டின் பதிவு) கோப்புகளைத் திருத்தலாம், அழிக்கலாம். யார், எதை, எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சாட்சியாகத்தானே ரெப்போ வைத்திருக்கிறோம்? அதைத் திறந்து போடலாமா?

அதே ரெப்போவைச் சிலர் எஸ்எஸ்எச் (மெஷினுக்குள் தொலைவிலிருந்து லாகின்) வழியாகவும் தொட்டால், அவரவர் பெயரில் புதுக் கோப்புகள் உருவாகி இதே பிழை திரும்ப வரும். ஒரே வாசல் போதும். ஃபெடோரா, ரெட் ஹாட் வைத்திருப்பவர்கள் சௌன் செய்தும் சரியாகவில்லை என்றால் எஸ்இலினக்ஸ் (கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) லேபிளைப் பாருங்கள்.

புது ஆளைச் சேர்த்தேன். பழைய ஆட்கள் யாருக்கும் லாகின் ஆகவில்லை.

கடவுச்சொல் கோப்பில் ஆட்களைச் சேர்க்கும் எச்டிபாஸ்வேர்ட் (htpasswd) கட்டளையில் ‘-சி’ சேர்த்திருக்கிறீர்கள். அது கோப்பைப் புதிதாக உருவாக்கும். இருந்ததை ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துவிடும். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு திங்கட்கிழமை காலை மொத்தக் குழுவும் இப்படித்தான் வெளியே நின்றது. முதல் ஆளுக்கு மட்டுமே ‘-சி’.

கூடவே, எச்டிடிபிஎஸ் இல்லாமல் இதைத் திறக்காதீர்கள். பேசிக் ஆத் என்ற இந்த லாகின் முறையில் கடவுச்சொல் பேஸ்64 என்ற, பூட்டப்படாத வடிவில் போகிறது. வழியில் பிடிப்பவர் யாரும் அதை நொடியில் படித்துவிடலாம்.

‘ரெப்போ நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்கிறது. நான் எதையும் நகர்த்தவில்லையே!

அப்பாச்சி அமைப்பில் ரெப்போவின் முகவரியாக லொக்கேஷனில் கொடுத்த பெயரிலேயே டாக்குமென்ட் ரூட்டுக்குள்ளும் (இணையப் பக்கங்கள் இருக்கும் அடைவு) ஓர் அடைவு இருக்கும். அப்பாச்சி குழம்பி 301 அனுப்புகிறது. ரெப்போவையே அங்கே வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள். இணையத்தில் யாரும் அதன் கோப்புகளை நேராக இறக்கிக்கொள்ளலாம். ‘எஸ்ஆர்வி’ அடைவு இதற்குப் பொருத்தமான இடம்.

கிட்டுக்கு (சப்வெர்ஷன் போன்ற இன்னொரு மென்பொருள்) முன்னால் எஞ்சின்எக்ஸ் வெப் சர்வர். பெரிய புஷ் (மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்புவது) செய்தால் 413 பிழை.

அனுப்பும் தரவின் உச்ச அளவைச் சொல்லும் ‘கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ்’ இயல்பாக 1 எம்பிதான். கூட்டிவிட்டு ரீலோட் செய்யுங்கள்.

தினமும் சப்வெர்ஷன் ரெப்போ அடைவை அப்படியே காப்பி எடுக்கிறேன். போதுமா?

போதாது. காப்பி ஓடும்போதே யாராவது கமிட் செய்தால் நகல் பாதியில் அறுந்த நிலையில் நிற்கலாம். எஸ்விஎன்அட்மின் ஹாட்காப்பி இதற்கென்றே இருக்கிறது, 1.8 பதிப்பிலிருந்து புதிய ரிவிஷன்களை மட்டும் சேர்க்கும் வசதியும் உண்டு. நகலை வேறு மெஷினில் வையுங்கள். அங்கே எஸ்விஎன்அட்மின் வெரிஃபை ஓட்டி, கடைசி ரிவிஷன் எண் வரை பிழையில்லாமல் ஓடி முடிகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள்.