குடிமுறையைச் சாதியின் கீழ் எழுதலாமா?

மட்டக்களப்பின் குடிமுறையை உங்கள் ஒப்படையில் சாதி அடுக்கின் கீழ் வைத்திருப்பது பொருந்தாது. குடி என்பது தாய்வழியில் தொடரும் வமிசக்குழு என்பதால், குடிமுறையை உறவுமுறை என்னும் சமூக நிறுவனத்தின் கீழ் எழுதுங்கள். கோயில் திருவிழாவில் குடிகளுக்கிடையே முன்னுரிமை வரிசை இருப்பதைக் கண்டே நீங்கள் குழம்பியிருக்கக்கூடும்.

சோதிக்க எளிய வழி திருமணம். சாதி பொதுவாகத் தனக்குள்ளேயே மணம் முடிக்கும். குடிமுறையோ ஒரே குடிக்குள் மணம் முடிப்பதை விலக்கும். பிள்ளைக்குத் தாயின் குடியே சேர்வதால், ஒரே வீட்டில் தகப்பனும் மகனும் வெவ்வேறு குடியினராக இருப்பார்கள். அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் இம்முறை காணப்படுவதால், சாதி என்ற விளக்கம் அங்கே இன்னும் தடுமாறும்.

ஆனால் குடிகளுக்குள் உயர்வு தாழ்வே இல்லையென்று எழுதிவிடாதீர்கள். கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் வண்ணக்கர் பதவி குறிப்பிட்ட குடிகளுக்கே உரியதாக உள்ள கோயில்கள் இருக்கின்றன. அந்தப் பகுதியை அதிகாரம் என்ற தலைப்பின் கீழ் தனியே எழுதலாம்.