வெட்டும் நேரம், தைக்கும் நேரம்

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். வீட்டில் யாரிடமும் கேட்க முடியாத ஒன்றை உங்களிடம் கேட்கிறேன்.

எனக்கு ஆறு பிள்ளைகள். மூத்தவளுக்கு 15 வயது, கடைக்குட்டிக்கு 2. துண்டுத்துணிகளை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைத்து, சுவரில் மாட்டுகிற துணிப்படங்கள் செய்கிறேன். மரம், மழை, முகம் என்று மனதில் வருவதெல்லாம் துணியில் வரும். இதைச் செய்யும்போதுதான் நான் நானாக இருப்பதுபோலத் தோன்றும்.

பகலில் உட்கார்ந்தால் போதும், "தைச்சுக்கிட்டுத்தானே இருக்கே, இதையும் ஒரு தையல் போட்டுடு" என்று கிழிந்ததெல்லாம் மடிக்கு வந்துவிடுகிறது. அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு இரவில் செய்கிறேன். போன வாரம் தூக்கக் கலக்கத்தில், வானத்துக்காக எடுத்து வைத்திருந்த நீலத்துணியைத் தப்பாக வெட்டிவிட்டேன். என் அம்மா உடுத்திய துணி அது, இனிக் கிடைக்காது. அழுதுவிட்டேன்.

"பிள்ளைங்க வளரட்டும், அப்புறம் ஆற அமர செய்யலாமே" என்கிறார் கணவர். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஒத்திப்போட்டுவிடவா? இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படி ஆசைப்படுவது சுயநலமா? என்னைப் போல யாராவது செய்திருக்கிறார்களா? இன்னொன்று, என் படத்தைப் பார்த்த ஒருவர் ஒரே மாதத்தில் மூன்று படங்கள் வேண்டும் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

ஒத்திப்போட வேண்டாம். கடைக்குட்டி வளர்ந்து ஆளாக இன்னும் 15 வருடமாவது ஆகும். அதற்குள் ஊசியில் நூல் கோர்க்கவே கண்ணாடி தேவைப்படும், கையும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். அதைவிட முக்கியம், இப்போது உங்கள் மனதில் இருக்கும் படங்கள் அப்போது இருக்காது. வேறு படங்கள் வரலாம், ஆனால் இவை போய்விடும். உங்கள் கணவர் நல்ல மனதோடு சொல்கிறார் என்று எழுதியிருப்பதை நம்புகிறேன். அவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

யாராவது செய்திருக்கிறார்களா என்று கேட்டீர்கள். உங்கள் வேலைக்கு மிக நெருக்கமான ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஹாரியட் பவர்ஸ், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837-இல் அடிமையாகப் பிறந்தவர். குறைந்தது ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவர். துணியில் உருவங்களை வெட்டி வைத்துத் தைத்து, பைபிள் கதைகளைப் போர்வையில் படமாக்கினார். அவர் செய்தவற்றில் இரண்டுதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், மற்றொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். முதல் போர்வையை ஒரு பெண்மணி விலைக்குக் கேட்டபோது அவர் கொடுக்கவில்லை. சில வருடங்கள் கழித்துக் குடும்பத்தில் கஷ்டம் வந்தபோதுதான் விற்றார். விற்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று அவர் விளக்க, வாங்கியவர் எழுதி வைத்துக்கொண்டார். விற்ற பிறகும் அந்தப் போர்வையைப் பார்க்க அவர் திரும்பத் திரும்பப் போனதாகப் பதிவாகியிருக்கிறது. தன் கையிலிருந்து வந்தது வெறும் போர்வை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என்னைத் தொடுவது இந்த இடம்தான்.

தையல்காரர் இல்லையென்றாலும் ரூத் அசாவா என்ற சிற்பியையும் சொல்ல வேண்டும். கம்பியை வளையம் வளையமாகக் கோர்த்துப் பின்னியவர், ஆறு பிள்ளைகளின் தாய். வீட்டிலேயே, பிள்ளைகள் சுற்றி இருக்கும்போதே வேலை செய்தார். இமோஜன் கனிங்ஹாம் 1957-இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் அவர் கம்பிச் சிற்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைகள் அவரவர் பாட்டுக்கு எதையோ செய்துகொண்டிருக்கிறார்கள். கிடைத்தால் பாருங்கள்.

இனி உங்கள் மேசைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நேரம் இல்லை என்பதுதான் பெரிய குறையாக இருக்கிறது. எனக்கென்னவோ சிக்கல் வேறு இடத்தில் இருப்பதாகப் படுகிறது. துணிப்படம் செய்வது ஒரே வேலை போலத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு வகை வேலை இருக்கிறது. யாரும் குறுக்கே வராமல் இருந்தால்தான் செய்ய முடிகிற வேலை ஒன்று. பத்துத் தடவை எழுந்து போனாலும் கெடாத வேலை இன்னொன்று. நீங்கள் இரண்டையும் சேர்த்து நள்ளிரவில் வைத்திருக்கிறீர்கள். அதுவும் முதல் வகையை, உடம்பு மிகவும் சோர்ந்திருக்கிற நேரத்தில்.

முதல் வகை என்பது நிறம் தேர்வது, துண்டுகளை அடுக்கிப் பார்ப்பது, வெட்டுவது. தப்பாகத் தைத்தால் பிரித்துக்கொள்ளலாம், வெட்டியதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. துணியில் நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் சாய்வாக வெட்டிவிட்டால், தைக்கும்போதே துணி இழுபட்டு விளிம்பு நெளிந்துவிடும். தலைகீழாகப் பார்க்கக் கூடாத டிசைன் தலைகீழாக வந்துவிடும். நிறம் இன்னும் மோசம். மஞ்சள் விளக்கின் கீழே நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். காலையில் ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் இதையா எடுத்தோம் என்று இருக்கும். ஆகவே இந்த வேலைக்குப் பகல் வேண்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும், ஆனால் அது முழுசாக இருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும்படி எடுத்துக்கொள்கிற இரண்டு மணி நேரம்.

மற்ற நாட்களில் அடுக்கிப் பார்ப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். மேற்பரப்பு பிசிறுபிசிறாக மெத்தென்று இருக்கும் ஒரு பழைய ஃபிளானல் விரிப்பைச் சின்னவன் கைக்கு எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். பருத்தித் துண்டுகள் குண்டூசி இல்லாமலே அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும். போகும்போதும் வரும்போதும் ஒரு துண்டை எடுத்து இடம் மாற்றி வைக்கலாம். படத்தின் பாதி முடிவுகள் இப்படி நடந்துபோகும்போதே எடுக்கப்பட்டுவிடும். ஃபோனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எந்தத் துண்டு வெளிச்சம், எந்தத் துண்டு இருட்டு என்பது உடனே தெரியும். நிறங்கள் எல்லாம் சரியாக இருந்தும் படம் எழும்பவில்லை என்றால் பெரும்பாலும் இதில்தான் குறை இருக்கும்.

இரண்டாவது வகை வேலைக்கு இரவும் வேண்டாம், கதவும் வேண்டாம். விளிம்பைக் கால் அங்குலம் மடித்துக் கையால் தெரியாத் தையல் போடுவது, ஓட்டுத் தையல், நூல் பிரிப்பது, மிஷினின் அடிநூலுக்கான பாபின் சுற்றுவது, இஸ்திரி போட்டு அடுக்குவது எல்லாம் இதில் சேரும். வெட்டி முடித்த அன்றே ஒவ்வொரு பகுதியையும் ஒரு சிறு பையில் போட்டுவிடுங்கள். அதற்கான துண்டுகள், அதே நிற நூல், ஒரு ஊசி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதிய சீட்டு. இந்தச் சீட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பல பிள்ளைகள் இருக்கும் வீட்டில், விட்ட வேலைக்குத் திரும்பி வரும்போது "எங்கே விட்டோம்" என்று கண்டுபிடிப்பதிலேயே கிடைத்த கால் மணி நேரம் போய்விடும். சீட்டு இருந்தால் கை நேராக வேலைக்குப் போகும். பாபின்களையும் ஒரே தடவையில் பத்துப் பன்னிரண்டு சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். மிஷினில் சின்னச் சின்னத் துண்டுகளை இணைக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் நூலை வெட்டாமல் அடுத்ததை அப்படியே ஊசிக்கடியில் தள்ளிக்கொண்டு போனால் நூலும் மிச்சம், நடுவில் எழுந்து போனாலும் எதுவும் குலையாது.

இப்படிப் பிரிப்பது நான் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிறு ஊர்ப் பெண்கள், பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துச் செய்த போர்வைகளால் உலகப் புகழ் பெற்றவர்கள். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தப் பெண்கள் மேல்துணியைத் தனியாக உட்கார்ந்து இணைப்பார்கள், எந்தத் துண்டு எங்கே என்பது அவரவர் முடிவு. அடுக்குகளைச் சேர்த்து நிறையத் தையல் போடும் கட்டம் வந்ததும் பெரும்பாலும் பலர் கூடி உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்வார்கள். கூட்டத்தில் வளர்ந்த கலை அது, ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் தனிமை இருந்தது.

மிஷின் இருக்கிற வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுந்திருக்கும்போது பிளக்கைப் பிடுங்கி, மிதியைத் தரையிலிருந்து தூக்கி வைத்துவிடுங்கள். குண்டூசிக்குப் பதில் பெரிய பிளாஸ்டிக் கிளிப் போதும். இஸ்திரிப்பெட்டியின் வயர் ஒருபோதும் தொங்கக் கூடாது.

சரி, அந்த இரண்டு மணி நேரத்தை யார் தருவது? இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மூத்த மகள் தரக் கூடாது. பெரிய குடும்பங்களில் அம்மாவுக்குக் கிடைக்கும் ஓய்வு பெரும்பாலும் மூத்த பெண்ணின் நேரத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, அதுவாக நடந்துவிடுகிறது. 15 வயதில் அவளுக்கும் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய ஏதோ ஒன்று இருக்கும். உங்கள் மனதில் இப்போது இருக்கும் ஏக்கத்தை அவளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த நேரத்தைத் தர வேண்டியவர் உங்கள் கணவர். "வளரட்டும்" என்று சொல்கிறவர், அவர்கள் வளர்கிற இந்த வருடங்களில் வாரம் இரண்டு மணி நேரம் ஆறு பேரையும் தானே பார்த்துக்கொள்ளலாம். தயங்காமல் கேளுங்கள், நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். "முடிஞ்சா கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று கேட்டால் முடியாமலேதான் போகும்.

கிழிந்த துணிகளுக்கு ஒரு கூடை வையுங்கள். வாரத்தில் ஒரு நாள்தான் அதைத் தொடுவது என்று சொல்லிவிடுங்கள். மற்ற நாளில் யார் எதைக் கொண்டுவந்தாலும் கூடையைக் காட்டுங்கள். பத்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கு, ஆண் பெண் பார்க்காமல், பட்டன் வைக்கவும் பிரிந்த தையலைச் சேர்க்கவும் கற்றுக்கொடுங்கள். ஒரு மாலைப்பொழுதில் படிந்துவிடும் வேலை அது. கிழிசல் தைப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதுவும் அன்பான வேலைதான். ஆனால் உங்கள் துணிப்படத்தையும் கிழிந்த பாக்கெட்டையும் ஒரே வேலையாக வீட்டில் எல்லோரும் பார்ப்பதற்கு, இரண்டும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் நடப்பதும் ஒரு காரணம். பிரித்து வைத்தால் வித்தியாசம் பிள்ளைகள் கண்ணுக்கே தெரியும்.

சுயநலமா என்ற கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் சுயநலம் இல்லை. தன் அம்மாவுக்கு ஒரு வேலை மேல் இவ்வளவு ஆசை என்று பார்த்து வளர்கிற பிள்ளை எதையும் இழப்பதில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லாத வாரங்கள் வரும், ஒன்றுமே நடக்காத மாதங்கள்கூட வரும். அப்போது பைகள் அப்படியே இருக்கட்டும். துணி கெட்டுப்போகாது, சீட்டும் இருக்கிறது.

அம்மாவின் நீலத்துணியைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அதைக் காப்பாற்றலாம். வெட்டுப்பட்ட இரண்டு விளிம்புகளையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒட்டி வைத்து, அடியில் இஸ்திரிச் சூட்டில் பிடித்துக்கொள்ளும் மெல்லிய உள்துணியைக் கொடுத்து அழுத்துங்கள். பழைய துணி என்பதால் சூட்டை முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். மேலே நெருக்கமாக ஒரு ஜிக்ஜாக் தையல். அந்தக் கோட்டின் மேல் ஒரு கிளையோ மேகத்தின் விளிம்போ வரும்படி படத்தை நகர்த்திக்கொள்ளுங்கள். நைந்த துணிக்கு உள்துணி எப்படியும் தேவைதான், இனி நீண்ட நாள் தாங்கும். இதைப் பகலில் செய்யுங்கள்.

கடைசியாக, மூன்று படம் கேட்டவர். ஒரு மாதத்தில் மூன்று என்று ஒத்துக்கொண்டால் மறுபடி நள்ளிரவுக்குத்தான் போவீர்கள். ஒரு படம் செய்கிறேன், இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லுங்கள். அது முடிந்த பிறகு அடுத்ததைப் பற்றிப் பேசலாம். எந்தப் படம் என்பதையும் நீங்களே தேர்வு செய்யுங்கள். உங்கள் வேலை பிடித்துத்தான் கேட்டிருக்கிறார், காத்திருப்பார். காத்திருக்க முடியாது என்றால் அவர் வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளட்டும். இந்த வாரமே அவருக்குப் பதில் சொல்லிவிடுங்கள், இழுத்தடிக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா