பட்டையை மாட்டிவிட்டுக் கேளுங்கள்: ஹெல்மெட் கேள்வி பதில்

முதலில் ஹெல்மெட் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். இப்போது இளம் வயதினருக்கு வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறேன். ஹெல்மெட், ப்ரேக், விழுவது, விழாமல் இருப்பது பற்றி எதையும் கேட்கலாம். அபராதம், காப்பீடு என் துறை இல்லை. எந்தக் கம்பெனி நல்லது என்றும் சொல்வதாக இல்லை.

பத்தொன்பது வயது, முதல் வண்டி: சார், ஹெல்மெட் அளவு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போட்டால் கன்னம் பிதுங்குகிறது. கடைக்காரர் "போடப் போட லூசாகிவிடும்" என்கிறார்.

சார் இல்லை, அக்கா. கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. கன்னத்தில் இருக்கும் பஞ்சு நாளாக ஆகக் கொஞ்சம் அமுங்கும். அதனால் புதிதில் கன்னம் பிதுங்குவதுதான் நல்லது. பேசும்போது கன்னச் சதை பல்லில் படுகிற அளவுக்கு இருக்கட்டும். ஆனால் நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் குத்துகிற மாதிரி வலித்தால், அங்கே அழுத்துவது வெளி ஓட்டுக்கு உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு. அது அமுங்கி வழிவிடாது. அளவு சரி, உங்கள் தலையின் வடிவத்துக்கு அந்த மாடல் சரியில்லை என்று அர்த்தம். வேறு மாடல் பாருங்கள்.

அளவெடுக்க, புருவத்துக்கு ஒரு விரல் மேலே தொடங்கி, பின்மண்டையின் புடைப்பு வழியாக டேப்பைச் சுற்றுங்கள். பிறகு ஹெல்மெட்டைப் போட்டுப் பட்டையை மாட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டுங்கள். முகத்தின் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுழன்றால் பெரிய அளவு. கடைசிச் சோதனையைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை: தலையைக் குனிந்துகொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே தூக்கி முன்பக்கமாகத் தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சோதனைக் கூடத்திலும் இதைத்தான் கயிறும் எடையும் கட்டிச் செய்வோம்.

பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு விரல் நுழையலாம். நான்கு விரல் நுழைந்தால் அது பட்டை இல்லை, மாலை.

கல்லூரி இரண்டாம் ஆண்டு: ஹெல்மெட் போட்டால் முடி கொட்டுமா?

ஆண்களுக்கு நெற்றியில் ஏறிக்கொண்டே போகும் வழுக்கை பரம்பரையாலும் ஹார்மோனாலும் வருவது. ஹெல்மெட் அதைக் கொண்டுவராது. வியர்வையும் அழுக்கும் சேர்ந்தால் அரிப்பும் பொடுகும் தொல்லை தரும். உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டுங்கள், கழற்றக்கூடிய உறையை அவ்வப்போது துவையுங்கள். அவ்வளவுதான்.

தெருமுனை வரைக்கும்: பால் வாங்கப் போகிற தூரத்துக்கெல்லாம் ஹெல்மெட் தேவையா?

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவரின் குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை நேரில் போய்ப் பார்த்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. பழையதுதான், ஆனால் அதை இன்னும் எடுத்துப் புரட்டுகிறேன். அதில் வரும் வழக்கமான விபத்துப் பயணம் எது தெரியுமா? கடைக்குப் போவது, நண்பனைப் பார்க்கப் போவது. அதுவும் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே. விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கு மேல் அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி 5 மாதம்கூட ஆகாதவர்கள். புது வண்டிக்காரர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

கணக்குப் போடுகிறவர்: அக்கா, ஹெல்மெட்டைச் சோதிப்பதே மணிக்கு 27 கி.மீ. வேகத்தில்தான் என்று படித்தேன். நான் 60-இல் போகிறேன். அப்புறம் அதைப் போட்டு என்ன பயன்?

நல்ல கேள்வி. நீங்கள் படித்ததும் சரி. ஈசிஇ 22.05 என்ற ஐரோப்பியத் தரத்தில் ஹெல்மெட் போட்ட பொம்மைத் தலையை நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் இரும்பின் மேல் விழ விடுவார்கள். அது மணிக்கு 27 கி.மீ. அடுத்து வந்த 22.06 தரத்தில் 8.2 மீட்டர் வேகத்திலும் ஒரு மோதல் உண்டு.

இப்போது நீங்கள் 60-இல் போகும்போது சறுக்கி விழுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சாலையோடு சேர்ந்து 60-இல் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் தலை தரையைச் செங்குத்தாக அடிக்கும் வேகம், அது எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்பதைப் பொறுத்தது. உட்கார்ந்து ஓட்டுகிறவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய 1.6 மீட்டர். அங்கிருந்து விழுந்தால் மணிக்கு 20 கி.மீ. நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்தாலும் அதே 20-தான். சோதனை வேகம் அதற்கு மேலே இருக்கிறது.

நேராகச் சுவரிலோ லாரியிலோ போய் முட்டினால் இந்தக் கணக்கு செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹர்ட் அறிக்கையில் மோதும் நேரத்து வேகத்தின் நடு அளவே மணிக்குச் சுமார் 35 கி.மீ.தான். அறுபதில் போகிறவரும் பெரும்பாலும் கடைசி நொடியில் கொஞ்சமாவது ப்ரேக் பிடித்துவிடுகிறார். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஹெல்மெட் சாவை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாக வந்தது. நூற்றுக்கு நூறு என்று நானும் சொல்லவில்லை, ஹெல்மெட்டும் சொல்லவில்லை. இந்தப் பலன்கூட பட்டை மாட்டிய தலைக்குத்தான். மாட்டாத ஹெல்மெட் முதல் உருளலிலேயே தனியாகப் போய்விடும்.

ஸ்டிக்கர் பிரியர்: எந்த முத்திரை பார்த்து வாங்குவது?

நீங்கள் ஓட்டுகிற நாட்டில் எது சட்டப்படி செல்லுமோ அது. இந்தியாவின் ஐஎஸ்ஐ, ஐரோப்பாவின் ஈசிஇ, அமெரிக்காவின் டாட் எல்லாவற்றுக்கும் போலி ஸ்டிக்கர் உண்டு. உள் உறையை விலக்கிப் பாருங்கள். விரற்கடை அளவாவது தெர்மாகோல் இல்லாமல் வெறும் பஞ்சு மட்டும் இருந்தால், வெளியே எந்த முத்திரை இருந்தாலும் அது தொப்பி.

சும்மா தெரிந்துகொள்ள: இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தது யார்?

இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்றுதான் காத்திருந்தேன். 1935 மே மாதம், 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர்பெற்ற டி.இ. லாரன்ஸ் இங்கிலாந்தில் ஒரு கிராமத்துச் சாலையில் சைக்கிளில் வந்த இரண்டு பையன்களைத் தவிர்க்கப் போய் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி. ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். பிறகு உலகப் போர். இருட்டடிப்பு இரவுகளில் பைக்கில் தபால் கொண்டுபோகும் சிப்பாய்கள் விழுந்து செத்தார்கள். கெய்ர்ன்ஸ் 1941-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். ஹெல்மெட்டோடு விழுந்தவர்கள் என்று அவருக்குக் கிடைத்ததே ஏழு பேர்தான். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் பணியில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வர 1973 ஆனது.

அந்தக் கால ஹெல்மெட்டில் வெளி ஓடும், உள்ளே நாடா வலையும்தான். நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும் உள்ளடுக்குக்கு 1953-இல் அமெரிக்காவில் ராத், லாம்பார்ட் என்ற இருவருக்குக் காப்புரிமை கிடைத்தது. இருவரும் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்காரர்கள். மேலே சொன்ன ஹர்ட்டும் அதே இடம்தான்.

கீழே போட்டவன்: மேசையிலிருந்து ஹெல்மெட் விழுந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டுமா?

வெறும் ஹெல்மெட், உள்ளே தலை இல்லாமல், மேசை உயரத்திலிருந்து விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஓட்டில் விரிசல் இருக்கிறதா, தெர்மாகோல் எங்காவது குழிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தலையோடு அடிபட்டது என்றால் அதன் வேலை முடிந்தது. சோதனைக் கூடத்தில் அடிவாங்கிய ஹெல்மெட்டை எடுத்துப் பார்த்தால் வெளியே பெயிண்டில் ஒரு சின்னத் தேய்ப்பு மட்டும் இருக்கும். உறையைக் கழற்றினால் தெர்மாகோல் நாணயம் அழுத்தின மாதிரி உள்வாங்கியிருக்கும். நசுங்கியது மறுபடி எழாது. அதனால்தான் பழைய ஹெல்மெட்டை அடுத்தவரிடமிருந்து வாங்காதீர்கள் என்கிறேன். அதன் கதை உங்களுக்குத் தெரியாது.

பதினெட்டு வயது: அக்கா, ஒரு நாய் குறுக்கே வந்தது. பின் ப்ரேக்கை மிதித்தேன், வண்டி பின்னால் அலைந்து விழுந்துவிட்டேன். என்ன தவறு?

முன் ப்ரேக்கைத் தொடவில்லை, அதுதான். ப்ரேக் பிடித்ததும் எடை முன்னால் சாயும். பின் சக்கரம் லேசாகி, கொஞ்சம் அழுத்தினாலே பூட்டிக்கொண்டு வழுக்கும். உண்மையில் வண்டியை நிறுத்துவது முன் சக்கரம்தான்.

முப்பது வருஷ அனுபவம்: அம்மா, சின்னப் பசங்களுக்குத் தப்பாகச் சொல்லாதீர்கள். முன் ப்ரேக் பிடித்தால் வண்டி குப்புறக் கவிழும். நான் இத்தனை வருஷமாக அதைத் தொட்டதே இல்லை.

ஐயா, தொட்டதே இல்லை என்றால் கவிழும் என்று எப்படித் தெரியும்?

முப்பது வருஷ அனுபவம்: பக்கத்து வீட்டுப் பையன் அப்படித்தான் விழுந்தான். கண்ணால் பார்த்தேன்.

ஒரு மெக்கானிக்: பெரியவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது மேடம். மணலில் முன் ப்ரேக் பிடித்து விழுந்த வண்டிகள்தான் என்னிடம் வருகின்றன.

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். மணல், திருப்பம், மழையில் நனைந்த வெள்ளைக் கோடு, இங்கெல்லாம் முன் ப்ரேக்கை வெடுக்கென்று பிடித்தால் விழுவீர்கள். நேரான, காய்ந்த சாலையில் நான்கு விரலால் லீவரை முதலில் மெதுவாகப் பிடித்து, எடை முன்னால் வந்ததும் இறுக்கினால் வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். பக்கத்து வீட்டுப் பையன் பிடித்தது தவறில்லை, பிடித்த விதம்தான் தவறு.

தூரத்தையும் பாருங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி யோசிப்பதற்குள் 14 மீட்டர் போய்விடுகிறது. அதற்குப் பிறகு இரண்டு ப்ரேக்கும் சரியாகப் பிடித்தால் இன்னொரு 14 மீட்டரில் நிற்கலாம். பின் ப்ரேக் மட்டும் என்றால் அந்த இரண்டாவது 14 ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஹர்ட் குழுவும் இதையேதான் கண்டது: விபத்தில் சிக்கியவர்கள் பின் சக்கரத்தை வழுக்கவிட்டு, முன் ப்ரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தாமல் இருந்தார்கள்.

முப்பது வருஷ அனுபவம்: அது அமெரிக்கா.

எடை முன்னால் சாய்வதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை ஐயா. காலியான மைதானத்தில், மணிக்கு 20 கி.மீ.யில், வண்டி நேராக இருக்கும்போது இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். பட்டையை மாட்டிக்கொண்டு.

முடிக் கவலை: அக்கா, ஹெல்மெட்டால் வழுக்கை விழுமா?

மேலே பதில் இருக்கிறது.

ஓர் அம்மா: என் மகனுக்குப் பதினாறு வயது. நண்பனின் வண்டியை ஓட்டுகிறான். ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தும் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறான்.

ஹெல்மெட் கேள்வி அப்புறம் வரட்டும். உரிமம் எடுக்கும் வயதே ஆகவில்லை என்றால் வண்டியே கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்து. நோயெல்லாம் அதற்குப் பிறகுதான். வயது வந்ததும் அப்பாவிடமோ நண்பனிடமோ விடாமல் முறையாகக் கற்க அனுப்புங்கள். ஹர்ட் பார்த்த விபத்துக்காரர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள்.

இன்னொன்று, கோபப்படாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் பட்டையை மாட்டுகிறார்களா என்று பாருங்கள். என்னிடம் வரும் பிள்ளைகள் முதல் நாள் ஹெல்மெட்டை எப்படிப் போடுகிறார்கள் என்பதிலேயே வீட்டில் யார் எப்படி ஓட்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும். பின்னால் உட்கார்கிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும், துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் சக்கரத்துக்குப் போகாமல் செருகியிருக்க வேண்டும்.

கழுத்து வலிக்காரர்: ஹெல்மெட்டின் எடையால் விபத்தில் கழுத்து எலும்பு முறியும் என்கிறார்களே?

1980-களில் அப்படி ஒரு கட்டுரை வந்தது, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2011-இல் 40,000-க்கும் மேற்பட்ட விபத்துப் பதிவுகளைப் பார்த்த அமெரிக்க ஆய்வில், ஹெல்மெட் போட்டவர்களுக்குக் கழுத்தெலும்புக் காயம் ஏற்படும் வாய்ப்பு 22 சதவீதம் குறைவாக இருந்தது. தினமும் ஓட்டும்போது வலி என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

சாலையோரம்: யாராவது விழுந்து கிடந்தால் ஹெல்மெட்டைக் கழற்றலாமா?

பேசுகிறார், மூச்சு சீராக வருகிறது என்றால் இழுக்காதீர்கள். வைசரைத் திறந்து, பட்டையைத் தளர்த்துங்கள். தலையை அசைக்க விடாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். மூச்சு இல்லை, வாந்தியில் அடைக்கிறது என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கீழிருந்து தாடையையும் பின்கழுத்தையும் தாங்க, மற்றவர் ஹெல்மெட்டின் பக்கங்களை விரித்துக்கொண்டே மெதுவாக எடுக்க வேண்டும். தண்ணீர் கொடுக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள்.

இன்னொருவர்: ஹெல்மெட் இல்லாமல் பிடித்தால் எவ்வளவு அபராதம்?

முதல் பத்தி.

மறுபடியும் முடி: அக்கா, பெண்களுக்கும் கொட்டுமா?

இறுக்கிக் கட்டிய கொண்டையும் இழுத்துப் போட்ட பின்னலும் முடியின் வேரை இழுக்கும், ஹெல்மெட் அல்ல. கழுத்துப் பக்கம் தாழ்வாக, தளர்வாகப் பின்னிக்கொண்டு போடுங்கள். உச்சிக் கொண்டை வைத்தால் ஹெல்மெட் சரியாக உட்காராது. முடியைப் பற்றி இதற்கு மேல் பதில் இல்லை.

முப்பது வருஷ அனுபவம்: மைதானத்துக்குப் போய்ப் பிடித்துப் பார்த்தேன். கவிழவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிடுகிறது. அதனால் நான் சொன்னதுதான் சரி.

ஐயா, உங்கள் முன் ப்ரேக் வேலையே செய்யவில்லை. இத்தனை வருஷம் தொடாததால் அது உங்களுக்குத் தெரியவில்லை. டிரம் ப்ரேக் என்றால் கேபிளை இறுக்கச் சொல்லுங்கள், ஷூ தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். டிஸ்க் என்றால் ஆயிலில் காற்று ஏறியிருக்கலாம், அதை எடுத்துவிட்டுப் பேடையும் பார்க்கச் சொல்லுங்கள். முழு பலத்தோடு பிடித்தாலும் லீவர் கைப்பிடியைத் தொடக் கூடாது. மெக்கானிக் தம்பி இங்கேயே இருக்கிறார், அவரிடமே கேளுங்கள்.