புதிய மெஷின் கோட் எழுதியும் பழையதே ஓடுவது ஏன்?

கேள்வி: ஓடும்போதே மெஷின் கோட் உருவாக்கி இயக்கும் சிறிய ஜேஐடி ஒன்று எழுதியிருக்கிறேன். இன்டெல் லேப்டாப்பில் சிக்கல் இல்லை. ராஸ்பெர்ரி பை 4-ல் சில நேரம் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று நின்றுவிடுகிறது. ஜிடிபி டிபக்கரில் பார்த்தால் அந்த முகவரியில் சரியான கட்டளைதான் இருக்கிறது. நடுவில் ஒரு பிரின்ட்எஃப் போட்டால் பிழையே வருவதில்லை. ஏன்?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாமே கேஷைத்தான், அதாவது ப்ராசசருக்குள் இருக்கும் சிறிய வேக நினைவகத்தைத்தான், காட்டுகின்றன. பை 4-ல் இருப்பது கார்டெக்ஸ்-ஏ72 என்ற ஆர்ம் ப்ராசசர். அதன் ஒவ்வொரு கோரிலும் முதல் நிலை கேஷ் இரண்டாகப் பிரிந்திருக்கிறது: கட்டளைகளுக்கு 48 கேபி, டேட்டாவுக்கு 32 கேபி. நீங்கள் எழுதும் பைட்டுகள் டேட்டா கேஷோடு நின்றுவிடலாம். கட்டளைகளை எடுக்கும் பகுதி அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. தன்னிடம் பழைய வரி (கேஷ் ஒரே மூச்சில் கையாளும் பைட் தொகுதி) இருந்தால் அதையே ஓட்டும். ஜிடிபி படிப்பதோ டேட்டா வழியாக, அதனால் அதற்குப் புதியது தெரிகிறது. பிரின்ட்எஃப் ஓடும்போது கேஷில் வரிகள் இடம் மாறுவதால் பிழை மறைந்திருக்கும்; தயவுசெய்து அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இன்டெலில் இந்த வேலையை ஹார்ட்வேரே பார்த்துக்கொள்கிறது. அதற்கும் விலை உண்டு: ஓடும் கட்டளைகள் இருக்கும் இடத்தில் எழுதினால் பைப்லைனை (பாதி வேலையில் இருக்கும் கட்டளைகளின் வரிசையை) காலி செய்து மறுபடி தொடங்கும். அடிக்கடி மாறும் மாறிகளைக் கட்டளைகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஆர்மில் செய்ய வேண்டியது: எழுதி முடித்ததும், தொடக்க முகவரியையும் முடிவு முகவரியையும் கொடுத்து, ஜிசிசி, கிளாங் கம்பைலர்களில் உள்ள ‘பில்ட்டின் கிளியர் கேஷ்’ ஃபங்ஷனை அழையுங்கள். அது டேட்டா கேஷ் வரிகளை இரண்டு கேஷுக்கும் பொதுவான நிலைக்குத் தள்ளி, கட்டளை கேஷில் உள்ள பழையதைச் செல்லாததாக்கி, கடைசியில், ஏற்கெனவே எடுத்து வைத்த கட்டளைகளைக் கைவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லும் ஐஎஸ்பி கட்டளை இடும். நினைவகப் பகுதியின் அனுமதிகளை மாற்றும் எம்ப்ரொடெக்ட் அழைப்பு மட்டும் இதற்குப் போதாது.

இதை அசெம்பிளியில் கையால் எழுத ஆசைப்பட்டால், சாம்சங் எக்ஸினோஸ் 8890-ல் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பெரிய கோர்களில் கேஷ் வரி 128 பைட், சிறியவற்றில் 64. பெரிய கோரில் ஒருமுறை அளந்து வைத்த 128-ஐ, திரெட் சிறிய கோருக்கு மாறிய பிறகும் பயன்படுத்தியதால், ஒன்றுவிட்டு ஒரு வரி சுத்தமாகாமல் தங்கியது. 2016-ல் மோனோ (டாட்நெட் நிரல்களை இயக்கும் மென்பொருள்) குழுவினர் துரத்திக் கண்டுபிடித்த பிழை இது.

இன்னொன்று: ஐஎஸ்பியின் விளைவு அதை இயக்கிய கோருக்கு மட்டுமே. வேறொரு கோரில் ஓடும் திரெட் அதே கோடை இயக்குமானால் அங்கேயும் ஐஎஸ்பி தேவை. லினக்ஸில் மெம்பேரியர் என்ற சிஸ்டம் அழைப்பின் சிங்க்-கோர் வகை இதற்கென்றே இருக்கிறது.

சோதிக்க, 1 திருப்பித் தரும் ஃபங்ஷனை ஒரு முகவரியில் எழுதி இயக்குங்கள். அதே இடத்தில் 2 தரும்படி மாற்றி, உடனே இயக்குங்கள். இதைப் பல்லாயிரம் முறை சுற்றவிட்டு, எங்காவது பழைய எண் வருகிறதா என்று பாருங்கள்.