ஃபேன் வாங்கும் முன் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்

கேள்வி: என் கார் ரொம்பப் பழசு, பெல்ட்டில் சுற்றும் ஃபேன்தான் இருக்கிறது. சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போகிறது, ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது. எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டலாம் என்றால் அட்டைப்பெட்டியில் நிமிடத்துக்கு 2,000 கன அடி, 3,000 கன அடி என்று போட்டிருக்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் உங்களுக்குக் குறைவது காற்றுதான், அதனால் ஃபேனைப் பற்றி யோசிப்பது சரியே. ஆனால் அந்தக் கன அடி எண்ணை நம்பி மட்டும் வாங்காதீர்கள். பெரும்பாலும் அது முன்னால் ரேடியேட்டரே இல்லாமல், வெறும் காற்றில் அளந்த கணக்கு. ரேடியேட்டர் வழியாக இழுக்கும்போது வரும் காற்று அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக ஃபேன் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள், மோட்டாரின் உண்மையான பலம் ஓரளவு அதில் தெரிந்துவிடும்.

ஆம்பியர் என்றதும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: அதைக் கொடுக்க உங்கள் வண்டியால் முடியுமா? இன்ஜின் ஓடும்போது வண்டிக்குக் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் 35 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 35 இன்ஜின் நன்றாகச் சுற்றும்போது கிடைப்பது, ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, அதில் பாதி வந்தாலே பெரிய விஷயம். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் வரை, ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் 3 அல்லது 4, மழை பெய்தால் வைப்பர் வேறு. இதற்கு மேல் 20 ஆம்பியர் ஃபேனை வைத்தால் மிச்சத்தை பேட்டரிதான் கொடுக்க வேண்டும், அதுவும் ஃபேன் அதிகம் ஓடப்போவது நீங்கள் சிக்னலில் ஐடிலில் நிற்கும் அதே நேரத்தில். ஆல்டர்னேட்டருக்குப் பதிலாகப் பழைய டைனமோ வைத்த வண்டி என்றால் ஐடிலில் சார்ஜே ஆகாது என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கு முதலில் ஆல்டர்னேட்டர் மாற்றுங்கள், அப்புறம் ஃபேன்.

அளவு எடுக்கும்போது நீளம் அகலத்தோடு ஆழத்தையும் எடுங்கள். ரேடியேட்டருக்கும் வாட்டர் பம்ப் மூக்குக்கும் நடுவே மோட்டார் உட்கார வேண்டும், பிரேக் போடும்போது இன்ஜின் கொஞ்சம் முன்னால் சாயும் என்பதால் 20 மி.மீ. ஆவது இடைவெளி விடுங்கள். ஷ்ரவுட் (ரேடியேட்டரின் முகம் முழுவதையும் மூடி, காற்றை ஃபேன் வழியாக வரவைக்கும் கூடு) இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு எதிரே இருக்கும் பகுதியில் மட்டும்தான் ஒழுங்காகக் காற்றை இழுக்கும், மூலைகள் வீணாகும். என்னைக் கேட்டால், பளபளப்பான புது ஃபேனைவிட, வேறொரு காரிலிருந்து கழற்றிய, ஷ்ரவுட்டோடு வரும் கம்பெனி ஃபேன் உங்கள் ரேடியேட்டருக்குப் பொருந்தினால் அதுவே மேல். மாட்டுவதற்கு ரேடியேட்டருக்குள்ளே பிளாஸ்டிக் டை கோத்துக் கட்டும் பழக்கம் இருக்கிறதே, அது வேண்டாம். அதிர்வில் உரசி உரசி டியூபில் ஓட்டை விழும். ஓரத்துச் சட்டத்தில் பிராக்கெட் வைத்துப் பிடியுங்கள்.

கேள்வி: டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து நானே போட்டு அணைத்துக்கொண்டால் போதாதா?

பதில்: ஒருநாள் போட மறப்பீர்கள், அன்றைக்கு இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல்) போகும். சூட்டைப் பார்த்துத் தானே ஃபேனைப் போட்டு அணைக்கும் தெர்மோ சுவிட்ச் வையுங்கள். ஆனால் எந்த டிகிரியில் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: உங்கள் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) 82 டிகிரியில் திறப்பது என்றால், ஃபேன் 92, 95 வாக்கில் ஓட ஆரம்பித்து 87 வாக்கில் நிற்க வேண்டும். 80 டிகிரி சுவிட்ச் போட்டால் இன்ஜின் ஒருபோதும் அதற்குக் கீழே இறங்காது, ஃபேனும் நிற்காது. ரப்பர் ஹோஸை வெட்டி நடுவே அடாப்டர் வைத்து ஒற்றை டெர்மினல் சுவிட்ச் (தன் உடல் வழியாகவே எர்த் எடுப்பது) மாட்டுகிறவர்கள் அந்த அடாப்டருக்குத் தனி எர்த் வயர் கொடுக்க வேண்டும், ரப்பர் வழியாக எர்த் வராது.

ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச், கட்டாயம். 20 ஆம்பியர் ஃபேனுக்கு 40 ஆம்பியர் ரிலே, 4 சதுர மி.மீ. வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ். ஃபேன் கிளம்பும் அந்த ஒரு நொடியில் இரண்டு மூன்று மடங்கு கரண்ட் இழுக்கும், ஃபியூஸைக் கணக்காகப் போட்டால் அடிக்கடி எரியும். ரிலேயை இக்னிஷன் சாவியோடு சேர்த்துவிட்டால் வண்டியை நிறுத்திய பிறகு பேட்டரி காலியாகாது. ரிலே இல்லாமல் ஃபேனையே நேராக இக்னிஷன் லைனில் கொடுத்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும்: சாவியைத் திருப்பிய பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, இன்ஜினைச் சில நொடிகள் அணையவிடாமல் ஓட்டும்.

கேள்வி: என் வண்டி நிற்கும்போது நன்றாக இருக்கிறது, வேகமாகப் போனால்தான் சூடேறுகிறது. பெரிய ஃபேன் போடட்டுமா?

பதில்: வேண்டாம். வேகத்தில் காற்று தானாகவே வேண்டிய அளவு வருகிறது, அங்கே ஃபேனுக்கு வேலையே இல்லை. ரேடியேட்டர் அடைப்பு, முழுசாகத் திறக்காத தெர்மோஸ்டாட், உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், தேய்ந்த வாட்டர் பம்ப் என்று இந்தப் பக்கம் தேடுங்கள்.

கேள்வி: பின்னால் இடமே இல்லை. ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டி, வயரை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: முன்னால் மாட்டலாம், ஆனால் ஓடும்போது வரும் காற்றை அதுவே கொஞ்சம் மறைக்கும், அதனால் வேறு வழியே இல்லை என்றால் மட்டும். வயரை மட்டும் மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், காற்றும் திசை மாறும், ஆனால் இறக்கையின் வளைவு தலைகீழாக இருப்பதால் பாதி வேலைகூட நடக்காது. இறக்கையையும் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். சில ஃபேன்களில் அது முடியாது, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.