படம் தொட்டுப் பேசும் பிள்ளைகளுக்கு முதலில் எந்தச் சொற்களைக் கொடுப்பது?

பேச்சு வராமல் படப்பலகையைத் தொட்டுப் பேசும் மாணவர்களுக்கு என்னென்ன சொற்களை வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாளையங்கோட்டைப் பக்கம் சிறப்புக் கல்வி ஆசிரியை. பொருட்களின் பெயரைக் குறையுங்கள், பிள்ளை அடுத்தவரிடம் ஏதாவது ஒன்றைச் சாதித்துக்கொள்ள உதவும் சொற்களை முதலில் வையுங்கள். இதுதான் என் பதில்.

நான் ஆரம்பத்தில் செய்தது நேர்மாறு. ஆப்பிள், நாய், பஸ், பந்து என்று இருபது படங்களை லேமினேட் செய்து, மூளை முடக்குவாதம் உள்ள ஒன்பது வயதுப் பையன் முன்னால் வைத்தேன். "ஆப்பிள் எங்கே?" என்றால் சரியாகத் தொடுவான், ஆனால் அவனாக ஒரு நாளும் அந்தப் பலகையைத் தேடியதில்லை. ஆப்பிளைத் தொட்டு அவன் யாரிடம் என்ன சொல்வான்? அவனுக்கு அது தினமும் ஒரு பரீட்சையாகத்தான் இருந்திருக்கும்.

நாம் நாள் முழுக்கப் பேசுவதில் பெரும்பகுதி, திரும்பத் திரும்ப வரும் சில நூறு சொற்கள்தான். வேணும், வேண்டாம், போதும், இன்னும், வா, போ, தா, பாரு, எங்கே, இல்லை, முடியலை, பிடிக்கலை. இதைத்தான் கோர் வொக்காபுலரி என்கிறார்கள். ஆனால் ஆங்கிலப் பட்டியலை அப்படியே தமிழாக்கிவிடாதீர்கள். அதில் உள்ள 'இஸ்' (is), 'த' (the) எல்லாவற்றுக்கும் நம் பேச்சில் இடமே இல்லை. 'ஐ' (I) படத்தின் கீழே 'நான்' என்று எழுதினால் பிள்ளை "நான் தண்ணி வேணும்" என்று கோக்கும், நாம் யாரும் அப்படிப் பேசுவதில்லை, அதனால் முதலில் 'எனக்கு' வையுங்கள். அப்புறம் தமிழில் 'போதும்', 'பிடிக்கலை' எல்லாம் ஒற்றைச் சொல்லிலேயே முழுப் பேச்சு, ஒரு தொடலில் முடிந்துவிடும், கை சரியாக வராத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

'சும்மா'வை விட்டுவிடாதீர்கள். தோதான படம் கிடைக்காமல் நானே வரைந்தேன், திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை. இரண்டு வாரம் பேசும்போதெல்லாம் நானே அதைத் தொட்டுக் காட்டினேன் (நாம் தொட்டுப் பேசாமல் பிள்ளை தொட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை). ஒரு மதியம் சத்துணவு முடிந்ததும், பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி 'வா'வைத் தொட்டாள். போனேன். "என்ன வேணும்ட்டி, தண்ணியா? பாத்ரூமா?" எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தாள். விரலை மெல்ல இழுத்துக்கொண்டு போய் 'சும்மா' மேல் வைத்தாள். மணி அடிக்கும் வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இடைவேளையில் ஒரு நோட்டோடு உட்கார்ந்து, அதே வயதுப் பிள்ளைகள் பேசுவதை எழுதிப் பாருங்கள். "ஏலே", "அடுத்து நான்", "பொய் சொல்லாத", "போலே" (எங்கள் பக்கத்து 'போடா'). 'போலே' வைத்ததற்கு அந்த ஒன்பது வயதுப் பையனின் அம்மா, மரியாதை இல்லாமல் பேசப் பழகிவிடுவானே என்று வருத்தப்பட்டார்கள். அவன் அண்ணன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறான் என்று கேட்டேன். பெரியவர்களுக்கு 'வாங்க', 'போங்க' தனியாக வேண்டாம், காகிதப் பலகைதானே, பக்கத்தில் இருப்பவர் ஆளுக்குத் தக்கபடி வாசித்துக்கொள்ளலாம்.

பெயர்ச்சொற்களை அவரவர் வீட்டிலிருந்து எடுங்கள். ஸ்பெயினின் அரகோன் அரசு நடத்தும் அராசாக் (ARASAAC) இணையதளத்தில் ஆயிரக்கணக்கான படங்கள், வியாபாரம் அல்லாத வேலைக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பாயில் படுக்கிற பிள்ளைக்குக் கட்டில் படம் தூக்கமாகத் தெரியாது. ஆச்சி, சொதி, பனங்கிழங்கு எல்லாவற்றையும் போனில் படமெடுத்து ஒட்டிவிடுங்கள்.

வலிக்குது, பயமா இருக்கு, தொடாதே, அந்தரங்க உறுப்புகள் உட்பட உடல் உறுப்புகளின் பெயர்கள், இவை கட்டாயம். கூச்சப்பட்டு இவற்றை விட்டுவிட்டால், அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் சொல்லவே வழி இருக்காது. பலகை எதற்கு என்று பள்ளியில் யாராவது கேட்டால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டுங்கள், பேச்சுக்கு மாற்றான இந்த மாதிரி வழிகளையும் அது தொடர்பு முறையாகவே சேர்த்திருக்கிறது.

ஒருமுறை ஒட்டிய படத்தின் இடத்தை மாற்றாதீர்கள், விரல் அந்த இடத்தைத்தான் பழகியிருக்கும். புதுச் சொல்லுக்குக் காலிக் கட்டங்களை முன்பே விட்டுவையுங்கள்.

அந்தப் பையன் பலகையில் இப்போது 42 கட்டங்கள். கடைசிக் கட்டம் வெறும் வெள்ளை, அதைத் தொட்டால் 'நான் சொல்ல வந்தது இதில் இல்லை' என்று அர்த்தம். போன வாரம் அதைத் தொட்டுவிட்டுத் தெருப்பக்கம் தலையைத் திருப்பினான். எனக்குப் புரியவில்லை. மறுபடி தொட்டான். அப்புறம்தான் காதில் விழுந்தது, அம்மன் கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) நையாண்டி மேளம் வந்துகொண்டிருந்தது. கொடைக்குப் படம் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. மேளக்காரர்களைப் படமெடுத்து வைத்திருக்கிறேன், நாளைக்கு ஒட்ட வேண்டும்.