நுரையீரல் உறைக் காசநோயும் மரபணுத் தேடலும்: மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்ட ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் உயிரித் தொழில்நுட்பத்தில் இளநிலை முடிக்கப் போகிறாள். காசநோய் நுரையீரல் உறையைத் தாக்கும்போது எந்த மரபணுக்கள் மாறுகின்றன என்று கண்டுபிடிக்கும் ஆய்வில் முதுநிலை செய்ய ஆசைப்படுகிறாள். நீங்கள் தூக்கம் கெட்டுப் போயிருக்கிறீர்கள். கிருமி தொற்றிக்கொள்ளுமோ, மரபணு என்றால் பரம்பரை வியாதியா, இதைப் படித்தால் சோறு போடுமா என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள்.

தொற்று பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். இந்த ஆய்வில் பெரும்பகுதி கணினி முன்னால் நடப்பது. வேறு ஆய்வகத்தில் மாதிரி எடுத்து, அளந்து, எண்களாக மாற்றிச் சேமித்து வைத்த தரவுதான் அவள் கைக்கு வரும். உயிருள்ள காசநோய்க் கிருமியை வளர்க்கும் வேலை, மூன்றாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு கொண்ட தனி ஆய்வகங்களில் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் செய்வது. முதுநிலை மாணவியை நேராக அங்கே யாரும் அனுப்ப மாட்டார்கள்.

மகள் ஏன் இதில் இவ்வளவு ஆர்வமாக இருக்கிறாள் என்று புரிந்தால் உங்கள் கவலை பாதி குறையும். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய படலங்கள் உண்டு. நடுவில் சில தேக்கரண்டி அளவு நீர், மூச்சு விடும்போது உராயாமல் இருக்க. காசநோய்க் கிருமி அங்கே போய்விட்டால் நீர் கோத்துக்கொள்ளும். சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட. காய்ச்சல், மூச்சை இழுத்தால் குத்தும் வலி, மூச்சுத்திணறல். மருத்துவர் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால் வைக்கோல் நிறத்தில் நீர் வரும். ஆனால் அதை நுண்ணோக்கியில் வைத்தால் பெரும்பாலும் கிருமி தெரியாது. வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும், அதிலும் பலருக்கு ஒன்றும் வளராது. காரணம், அந்த நீரில் கிருமி மிகக் குறைவு. அங்கே நிரம்பியிருப்பது கிருமியை எதிர்த்து உடல் அனுப்பிய வெள்ளணுக்களும், அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா போன்ற பொருள்களும்.

அதனால் மருத்துவர்கள் சுற்றுவழியில் போகிறார்கள். நீரில் ஏடிஏ என்ற நொதியைப் பார்க்கிறார்கள். லிட்டருக்கு 40 யூனிட்டைத் தாண்டினால் காசநோய் என்று சந்தேகப்படுவது வழக்கம். சீழ் கட்டியிருந்தாலும், முடக்குவாதத்திலும், சில நிணநீர்ப் புற்றுநோயிலும் அதே நொதி ஏறும். இன்னும் தெளிவான அடையாளம் ஒன்று வேண்டும். அதைத்தான் உங்கள் பெண் தேடப் போகிறாள்.

இப்போது பரம்பரை விஷயம். முன்பு சொன்ன இன்டர்ஃபெரான் காமாவைச் செல்லில் வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் பிறவிக் குறை உள்ள சில குழந்தைகள் காசநோய் இனக் கிருமிகளை எதிர்க்க முடியாமல் தவிப்பதை 1996-இல் கண்டறிந்தார்கள். அது மிக அரிது, அது உண்மையிலேயே பரம்பரை. மகள் பார்ப்பது வேறு. நம் ஒவ்வொரு செல்லிலும் புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. நோய் வந்தபோது எவை கூடுதலாக இயங்குகின்றன, எவை அடங்குகின்றன என்று, மரபணு இயங்கும்போது உருவாகும் ஆர்என்ஏ என்ற நகலின் அளவை வைத்துச் சொல்வதுதான் இந்த ஆய்வு. வீட்டு மின்பலகையில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்ப்பதுபோல.

அவள் திரையில் என்ன இருக்கும் தெரியுமா? மரபணுவுக்கு ஒன்றாக 20,000 வரிசை, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நெடுவரிசை, உள்ளே வெறும் எண்கள். காசநோயாளிகள், மற்றவர்கள் என்ற இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மரபணுவையும் 0.05 என்ற வழக்கமான அளவுகோலில், அதாவது நூற்றுக்கு ஐந்து தற்செயலாகத் தவறலாம் என்ற கணக்கில், சோதித்தால், தற்செயலாகவே ஆயிரம் மரபணுக்கள் "சம்பந்தம் உண்டு" என்று வந்து நிற்கும். இதைத் திருத்த 1995-இல் பெஞ்சமினி, ஹாக்பெர்க் என்ற புள்ளியியலாளர் இருவர் தந்த முறையை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஏன் திருத்துகிறோம் என்று புரியாமல் பொத்தானை அழுத்துகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் பெண் அந்தக் கூட்டத்தில் சேரக் கூடாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. காசநோயாளியின் உறை நீரை, ஆரோக்கியமானவரின் ரத்தத்தோடு ஒப்பிட்டால் கிடைப்பது நீருக்கும் ரத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். மருத்துவர் முன்னால் இருக்கும் கேள்வி அதுவல்லவே. கையில் இருக்கும் நீர் காசநோயால் வந்ததா, புற்றுநோயால் வந்ததா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே ஒப்பிட வேண்டியது புற்றுநோயாளியின் உறை நீரோடு. அப்புறம், காசநோயாளிகளின் மாதிரியை ஒரு நாளும் மற்றவர்களுடையதை வேறொரு நாளும் அளந்திருந்தால், தெரியும் வித்தியாசம் நோயுடையதா நாளுடையதா என்று பிரிக்கவே முடியாது. எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்யாது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்தத் துறையில் அவசரக் கட்டுரைகள் ஏராளம். யாரும் எடுக்கலாம் என்று பொதுவில் வைத்திருக்கும் தரவு ஒன்றை எடுத்து, தயார் நிரல்களில் போட்டு, பத்து "மைய மரபணுக்கள்" என்று பட்டியல் போட்டு முடித்துவிடுவது. ஸ்டாட்1, சிஎக்ஸ்சிஎல்10 போன்றவை அதில் தவறாமல் இருக்கும். பல அழற்சி நோய்களில் அவை ஏறுவது தெரிந்த கதை. அந்த மாதிரி வேலையில் இரண்டு வருடத்தைக் கழித்தால் மகளிடம் மிஞ்சுவது சான்றிதழ் மட்டும்.

நல்ல உதாரணமும் இருக்கிறது. 2016-இல் ஒரு குழு பல பொதுத் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்து, ஜிபிபி5, டியுஎஸ்பி3, கேஎல்எஃப்2 என்ற மூன்றே மரபணுக்களை வைத்து ரத்தத்தில் காசநோயை அடையாளம் காணலாம் என்று காட்டியது. வேறு வேறு நாட்டு நோயாளிகளிடம் சரிபார்த்தார்கள். பின்னால் விரல்நுனி ரத்தத்தில் அதே மூன்றையும் அளக்கும் பரிசோதனையும் உருவானது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2023-இல் மட்டும் ஒரு கோடியே எட்டு லட்சம் பேருக்குக் காசநோய் வந்திருக்கிறது. இந்தப் படிப்பால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்.

சரி, வேலை. முதுநிலை மட்டும் முடித்தால் நோயறிதல் நிறுவனங்கள், மருந்து நிறுவனங்களின் மருத்துவப் பரிசோதனைப் பிரிவுகள், மருத்துவமனை மரபணு ஆய்வகங்கள் ஆகியவற்றில் தரவு ஆய்வாளராகச் சேரலாம். சொந்தமாக ஆய்வு நடத்த வேண்டுமானால் முனைவர் பட்டம் தேவை. அது நாலைந்து வருடம், அதன்பிறகும் சில வருடம் ஒப்பந்த வேலை இருக்கும். குடும்பத்துக்கு உடனே வருமானம் வேண்டுமென்றால் இப்போதே பேசி முடிவெடுங்கள், பாதி வழியில் வேண்டாம். காசநோய் என்ற ஒரே நோயில் மாட்டிக்கொள்வாளோ என்ற பயம் மட்டும் தேவையில்லை. புள்ளியியலும் ஆர் (R) என்ற கணினி மொழியும் லினக்ஸ் இயங்குதளமும் கைவந்துவிட்டால், அதே திறமை புற்றுநோய்த் தரவுக்கும் சிறுநீரக நோய்த் தரவுக்கும் அப்படியே செல்லும்.

துறையைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். புள்ளியியல் குறைந்தது இரண்டு பருவமாவது இருக்க வேண்டும். நோயெதிர்ப்பியல் இருக்க வேண்டும். வழிகாட்டியிடம் மகளே கேட்கட்டும்: மாதிரி எந்த மருத்துவமனையிலிருந்து வருகிறது, ஒப்பிடும் குழு எது, கிடைத்த பட்டியலைப் புதிய நோயாளிகளிடம் யார் சரிபார்ப்பார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராத இடத்தில் சேர வேண்டாம்.

சேர்வதற்கு முன் மூன்று மாதம் இருக்கிறதே. பணம் கட்டி எந்தக் குறும்படிப்பும் வாங்க வேண்டாம். 2000-இல் தொடங்கிய ஜியோ (GEO) என்ற மரபணுத் தரவுக் களஞ்சியம் எல்லோருக்கும் இலவசம், ஆர் மொழியும் இலவசம். அதில் காசநோய் பற்றிய சிறிய தரவு ஒன்றை எடுத்து, வெளியான கட்டுரையில் உள்ள ஒரே ஒரு படத்தை அவளாகவே மறுபடி வரையட்டும். முதல் இரண்டு வாரம் பிழைச்செய்திதான் வரும், அழுகைகூட வரலாம், நீங்கள் பதற வேண்டாம். படம் சரியாக வந்தாலும் வராவிட்டாலும் அதை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். அதை வைத்துக்கொண்டு விண்ணப்பங்களைப் பற்றிப் பேசுவோம்.